தோட்டாவைக் காணவில்லை

"சுட்டுப்போட்டாங்க அம்மிணி" என்றார் சேர்மன் ஆத்தப்பன்.

சுடப்பட்டவருக்கு இருக்க வேண்டிய லட்சணம் எதுவும் அவரிடம் இல்லை. வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையவில்லை. நெற்றி விபூதி வைத்த இடத்தில் இருந்தது. இடது முழங்கையில் மட்டும் ஒரு சின்னப் பிளாஸ்திரி. அது எல்லோர் கண்ணிலும் படும்படி சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தார்.

"எத்தனை குண்டுங்க?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"ஒரே சத்தந்தானுங்க. அதுக்கே கண்ணாடி பூராவும் தூள்."

"குண்டு எங்கீங்க?"

"அதைத் தேடத்தானுங்க உங்களைக் கூப்புட்டது. சுட்ட ஆளு கெடச்சாச்சு. தோட்டாதான் பாக்கி."

சத்யப்பிரியாவின் உதவியாளன் முனீஸ் தரையைப் பார்த்தான். "முதல்ல ஆளு, அப்புறம் தோட்டா. எங்க விருதுநகர்ப் பக்கம் இதத் தலைகீழாப் பண்ணுவோம் சார்."

சேர்மன் அவனைப் பார்த்த பார்வையில், தோட்டா இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் கொங்குச்சுடர் நிட்வேர்ஸ் பின்னலாடைக் கம்பெனி இரண்டு மாடிக் கட்டடம். கீழே துணி வெட்டும் ஹால். மேலே துணி ரோல்கள் அடுக்கும் குடோன். ஹாலின் ஓரத்தில் சேர்மனின் அறை. அறைக்கும் ஹாலுக்கும் நடுவே முப்பதடி நீளத்துக்குக் கண்ணாடிச் சுவர், ஐந்து பெரிய பலகைகளாக, தரையிலிருந்து மேலே ஓடும் கான்கிரீட் பீம் வரைக்கும். அதன் சரி நடுவில் சேர்மனின் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் எல்லா வெட்டு மேசைகளும் தெரியும். அதைவிட முக்கியம், எல்லா மேசைகளிலிருந்தும் சேர்மன் தெரிவார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அந்த நடுக் கண்ணாடி வெடித்துச் சிதறியது. மற்ற நான்கும் அப்படியே நின்றன.

"மத்தியானம் மூணு மணிக்கு, நம்ம சரக்கை வாங்கற ஜெர்மன் பையரோட ஆடிட் ஆளு வர்றாருங்க" என்றார் சேர்மன். "அதுக்குள்ள முடிச்சுப்போடணும். எஸ்.ஐ. அர்த்தநாரி ரிசப்ஷன்லதான் உக்காந்திருக்கறாரு. கொலை முயற்சின்னு நான் கையெழுத்துப் போட்டா அவனைக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"யாரைங்க?"

"கட்டிங் மாஸ்டர் ராஜபாண்டி. வேற எவன்?"

சத்யப்பிரியா நடுக் கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் சிவில் டிப்ளமோ படித்தவள். கட்டடங்களுக்கு உறுதிச் சான்று தரும் ஓர் ஆபீசில் ஆறு வருஷம் கணக்குப் போட்டாள். அங்கே பார்ப்பதற்கு முன்பே கையெழுத்துப் போடுகிற வழக்கம் பிடிக்காமல் வெளியே வந்து, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரித்துச் சொல்லும் துப்பறியும் தொழில் தொடங்கினாள். கட்டடமோ மாப்பிள்ளையோ, கனம் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி.

"காலைல நீங்க வந்தப்ப இந்த ரூம்ல வேற எதாச்சும் வித்தியாசமா இருந்துச்சுங்களா?"

"கதவு தொறக்கலீங்க. ரெண்டு பேரு தோள் குடுத்துத் தள்ளித்தான் உள்ள வந்தேன். எவனோ உள்பக்கமாக் கதவுல கைவெச்சிருக்கறான்."

"அது எத்தனை மணிக்குங்க?"

"எட்டரைக்கு."

"குண்டுக்கு முன்னாடியே கதவு" என்று முணுமுணுத்தான் முனீஸ். "கொலைகாரன் நல்ல பிளான்காரன்தான்க்கா. மொதல்ல உள்ள விடாமப் பாத்திருக்கான். கேக்கலன்னதும் சுட்டுட்டான்."

*

ராஜபாண்டியைப் பட்டனும் ஜிப்பும் வைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் செக்யூரிட்டி. தேனிக்காரர், நாற்பது வயது, கொங்குச்சுடரில் சேர்ந்து ஆறு மாதம். முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

"நேத்துச் சாயங்காலம் சேர்மன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"இந்தக் கண்ணாடி ஒரு நா ஒங்க தலையிலதான் விழும்னேன்."

முனீஸ் ஒரு ஜிப் மூட்டை மேல் உட்கார்ந்தான். "அண்ணே, மறுநாக் காலையிலயே விழுந்துருச்சு. இம்புட்டுச் சுத்தமாச் சொன்னா போலீசு வராம பொன்னாடையா வரும்?"

"கோவத்துல வந்த வார்த்த தம்பி. பொம்பளைப் பிள்ளைக பாத்ரூம் போனா, உள்ள உக்காந்துக்கிட்டு மைக்ல எத்தனாவது தடவைன்னு சொல்றாரு. கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"அது சரிங்க. ஆனா இன்னிக்குக் காலைல, கண்ணாடிய ஒட்டி இருந்த உங்க மேசைய ஆளோட பத்தடி பின்னால நகத்திட்டீங்க" என்றாள் சத்யப்பிரியா. "அரை மணி நேரத்துல கண்ணாடி போகுது. எஸ்.ஐ.க்கு இது ஒண்ணு போதும். ஏன் நகத்துனீங்க?"

"வெளிச்சம் பத்தல மேடம்."

"டியூப் லைட்டு பழைய எடத்துக்கு மேலதான எரியுது? இருட்டுக்குப் போயி வெளிச்சம் தேடுனீங்களா?"

ராஜபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். முனீஸின் கேலி நின்றுவிட்டது. ஊர்ப்பக்கத்து ஆள் என்று அவன் மனதில் போட்டிருந்த கூடுதல் மதிப்பெண்ணைச் சத்தமில்லாமல் திரும்ப எடுப்பது தெரிந்தது.

"அண்ணே, போலீஸ் கேசுன்னு ஒரு தடவ பேரு வந்துட்டா, அவிநாசியில இருந்து பல்லடம் வரைக்கும் ஒரு மேசையில ஒங்கள நிக்க விடமாட்டாங்க. வாயத் தொறங்க."

"வாயத் தொறந்தாலும் வேலை போயிரும்னாரு."

"யாரு?"

"மாப்பிள்ளை சார். தீனதயாளன்." சேர்மனின் மருமகன் பெயரைச் சொல்லும்போதே ராஜபாண்டி வாசலைப் பார்த்தார். "காலையில கருநீலத் துணிய விரிச்சோம் மேடம். விரிக்க விரிக்க மேல இருந்து வெள்ளைத் தூசி. கோலப்பொடி மாதிரி. கருநீலத்துல வெள்ள விழுந்தா மொத்தத் துணியும் ரிஜெக்ட். எலி கிலி ஓடுதோன்னு நெனச்சு மேசைய நகத்திட்டு அவர்ட்ட போய்ச் சொன்னேன். ஆடிட் முடியிற வரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது, மீறுனா வேலை இருக்காதுன்னுட்டாரு."

சத்யப்பிரியா எழுந்தாள். "எலி இல்லீங்க. எலி ஓடுனா கதவு இறுகாது. முனீஸ், தையல் நூல் ஒரு கோன் வாங்கிட்டு வா. ரெண்டு ஏணியும் வேணும்."

"நூலுலயா தூக்கப் போறீக?"

"அளக்கப் போறேண்டா."

*

கண்ணாடிச் சுவருக்கு மேலே ஓடிய பீமின் இரண்டு முனையிலும் தூண்கள் இருந்தன. ஒரு முனையில் முனீஸ், மறு முனையில் செக்யூரிட்டி. பீமின் அடியிலிருந்து இரண்டு விரல் கனம் கீழே தள்ளி நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னாள் சத்யப்பிரியா. பிறகு நடுப்பகுதிக்கு எதிரே, ஹாலின் பக்கமாகத் தள்ளி நின்று மேலே பார்த்தாள்.

முனைகளில் இரண்டு விரல் இடைவெளி. நடுவில் இடைவெளியே இல்லை. நூல் பீமில் உரசிக்கொண்டு நின்றது.

"என்னக்கா, நூலு வளைஞ்சிருச்சா?"

"இழுத்துப் பிடிச்ச நூலு வளையாது. பீம்தான் நடுவுல ரெண்டு விரல் தொங்குது. அடியில பாரு, நடுவுல மட்டும் முடி மாதிரி கீறல். அங்க இருந்துதான் தூசி. பீம் இறங்குனா அதுக்குக் கீழ இருக்கறது என்ன ஆகும்? கதவு இறுகும். கண்ணாடி நசுங்கும். நடுவுலதான் இறக்கம் அதிகம், அதனால நடுக் கண்ணாடி மொதல்ல போச்சு."

"அப்ப தோட்டா?"

"நம்ம தலைக்கு மேல இருக்குது. எத்தனை டன்னுன்னு போய்ப் பாக்கலாம். செக்யூரிட்டிங்க, முதல்ல இந்த ஹால்ல இருக்கற எல்லாத்தையும் வெளிய அனுப்புங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம."

*

மாடியில் தீனதயாளன் நின்றிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் மேலாண்மைப் படிப்பு. குடோனின் நான்கு சுவர்களையும் ஒட்டிப் புதிதாக மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ரோல் கூட இல்லை. எல்லாம் நடுவில், தலைக்கு மேல் உயரமாய், ஒரு குன்று.

"ஃபயர் சேஃப்டிங்க மேடம். சரக்கு சுவத்துல இருந்து மூணடி தள்ளி இருக்கோணும்னு பையர் கேட்டாங்க. நாங்க எட்டடி தள்ளிட்டோம். கேட்டதுக்கு மேல குடுக்கறதுதான் எங்க பாலிசி. நேத்துச் சாயங்காலந்தான் மாத்தி அடுக்கினோம்."

சுவரில் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அழகான பலகை தொங்கியது.

"இந்தக் கணக்கு யார் போட்டதுங்க?"

"ஃபிளெக்ஸ் கடைக்காரருங்க. பக்கத்துக் கம்பெனிக்கு அடிச்சதுல பேரை மட்டும் மாத்திக் குடுத்தாரு."

முனீஸ் பலகையைக் கும்பிட்டான்.

"ஏனுங்க, காலைல சத்தம் கேட்டதும் 'துப்பாக்கி'ன்னு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

தீனதயாளனின் அடையாள அட்டை லேசாக ஆடியது. "நான்தானுங்க. சத்தம் அப்படித்தான இருந்துச்சு?"

"தூசி விழுதுன்னு மாஸ்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். நேத்துச் சாயங்காலம் எடை நடுவுக்கு வந்ததும் தெரியும். எடை ஓரத்துல இருந்தா தூணு வாங்கிக்கும். நடுவுல வெச்சா பீம் தொங்கும். ஜட்டி எலாஸ்டிக்க ரெண்டு கையில பிடிச்சு நடுவுல ஒரு பூட்டைத் தொங்க விட்டுப் பாருங்க, தெரியும். மஞ்சக் கோடு வெளிய வந்தா மாமனார்கிட்ட மரியாதை போயிரும். அதனால துப்பாக்கி. துப்பாக்கின்னா ஒரு ஆளு வேணும். அதனால ராஜபாண்டி. சரிங்களா?"

தீனதயாளன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டான். "தூசி விஷயம் ஒத்துக்கறேனுங்க. ஆடிட் போயிருமேன்னு பயந்துட்டேன். ஆனா ரோலு நடுவுல இருந்ததால உடைஞ்சுதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். போன வருஷ ஆடிட்டுக்கும் இதே மாதிரித்தான் நடுவுல அடுக்கினேன். இதை விட உசரமா. ஒரு மாசம் இருந்துச்சு. கதவும் இறுகல, தூசியும் விழுகல. வேணும்னா ஆரை வேணாலும் கேளுங்க."

சத்யப்பிரியா மஞ்சள் கோட்டை மறுபடி பார்த்தாள்.

"அக்கா" என்றான் முனீஸ் மெதுவாக. "நம்ம குற்றவாளி ஜாமீன்ல போறான்."

அதே கட்டடம். அதே பீம். அதே சரக்கு, அதே நடு. போன வருஷம் தாங்கியது இந்த வருஷம் ஏன் தொங்குகிறது? அவள் குன்றையும் பார்க்கவில்லை, தீனதயாளனையும் பார்க்கவில்லை. குடோன் வாசலில் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு படிகளில் இறங்கினாள்.

ஹால் இப்போது காலி. ஆள் இல்லாத ஹாலில்தான் கட்டடம் முழுசாகத் தெரிந்தது.

"முனீஸ், உள்ள போகாம இங்க நின்னே தூணை எண்ணு. வரிசை வரிசையா."

"கடைசி வரிசை மூணு. அடுத்தது மூணு. அதுக்கு முன்னாடி மூணு. கண்ணாடி வரிசை..." முனீஸ் மறுபடி எண்ணினான். "ரெண்டு."

"நடுவுல இருக்க வேண்டியது எங்க போச்சு?"

நடுத்தூண் இருந்திருக்க வேண்டிய இடத்தில், உடைந்த கண்ணாடியை ஒட்டி, ஒரு சின்ன மேசை. அதன் மேல் பட்டுத்துணி, அதன் மேல் 'பின்னலாடைப் பேரரசர்' என்று பொறித்த அரை ஆள் உயரக் கேடயம். சத்யப்பிரியா ஒரு நீளமான மரச் சட்டத்தை எடுத்துத் தள்ளி நின்றபடியே மேசையை நெட்டித் தள்ளினாள். பேரரசர் தடுமாறிக் கண்ணாடித் தூளில் விழுந்தார். மேசை இருந்த இடத்தில், பளபளக்கும் தரைக்கு நடுவே, சதுரமாய்ச் சிமெண்ட் ஒட்டு.

*

ரிசப்ஷனில் எஸ்.ஐ. அர்த்தநாரி இரண்டாவது இளநீரில் இருந்தார். ராஜபாண்டியை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சேர்மன் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷங்க" என்றாள் சத்யப்பிரியா. "உங்க கண்ணாடி வரிசையில நடு பில்லரை எப்ப எடுத்தீங்க?"

"இந்த வருஷம் சித்திரையில" என்று சட்டென்று சொல்லிவிட்டார் சேர்மன். பிறகுதான் யோசித்தார். "அது எதுக்கு இப்ப?"

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"என்ற பில்டிங்கு, என்ற தூணு. ஆரைக் கேக்கோணும்? நடுவுல நின்னு என்னைய மறைச்சுதுங்க. ஹால்ல பாதிப் பேருக்கு நான் தெரியறதே இல்ல. டெக்கரேட்டர்கிட்டச் சொன்னேன், ரெண்டு நாள்ல எடுத்துப்போட்டு ஒரே கண்ணாடிச் சுவரா மாட்டிக் குடுத்தான்."

"தூணு எதுக்கு நிக்குதுன்னு நெனச்சீங்க?"

"அழகுக்குத்தானுங்க!" சேர்மனுக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. "என்ற ஊட்டு முகப்புல எட்டுத் தூணு நிக்குது, பூ வேலை வெச்சு. ஒண்ணாச்சும் எதையாச்சும் தாங்குதா? மேல ஓடு கூடக் கெடையாது. அதே மாதிரித்தான் இதும்னு நெனச்சேன்."

எஸ்.ஐ. இளநீரைக் கீழே வைத்தார். அவர் வீட்டு முகப்பிலும் இரண்டு இருக்கும் போல.

"இந்தத் தூணு தாங்கிட்டிருந்துச்சுங்க" என்றாள் சத்யப்பிரியா. "பதினஞ்சு பதினஞ்சு அடியா இருந்த பீம் இப்ப முப்பதடி. நீளம் ரெண்டு மடங்கானா, அடிக்கு அதே கனம் வெச்சாலும் தொய்வு ரெண்டு மடங்கு ஆகாதுங்க. பதினாறு மடங்கு. அதும் குறைஞ்சபட்சம்."

"பதினாறா?" என்றான் முனீஸ். "கந்துவட்டிக்காரன் கூட இப்படி ஏத்த மாட்டான்."

"இன்னொண்ணு இருக்குது. நடுவுல தூணு நின்னப்ப அந்த எடத்துல பீமோட மேல்பக்கந்தான் இழுபடும். அதனால கட்டினவன் கம்பிய மேல போட்டிருப்பான். தூணை எடுத்ததும் இழுவை கீழ்ப்பக்கம் வந்திருச்சு. அங்க கம்பி பேருக்குத்தான் கெடக்கும். போன வருஷம் நடுவுல அடுக்குனப்ப தூணு இருந்துச்சு. தூணை எடுத்த பிறகு இத்தன நாளு சரக்கு ஓரத்துல இருந்ததால தப்பிச்சீங்க. நேத்து உங்க மாப்பிள்ளை நடுவுக்குக் கொண்டு வந்தாரு. உங்களை யாரும் சுடலீங்க. நீங்க எடுத்த தூணுதான்."

ராஜபாண்டி சேர்மனைப் பார்த்தார். சேர்மன் பேனாவைப் பார்த்தார். கொலை முயற்சியிலிருந்து தப்பியவர் என்ற பட்டம் கைக்கு வந்து இன்னும் அரை நாள் கூட ஆகவில்லை. அதைக் கொடுத்துவிட்டுத் தூணைத் தெரியாதவர் என்ற பட்டத்தை வாங்க அவருக்கு மனசில்லை.

"இதெல்லாம் படிச்சவங்க கதைங்க" என்றார். "பீம் அங்க கல்லாட்டம் நிக்குது. அவன் என்னைய மிரட்டினான், கண்ணாடி உடைஞ்சுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"போடுங்க" என்றாள் சத்யப்பிரியா. "ஆனா இங்க வேண்டாம். பீம் கல்லாட்டம் நிக்குதுங்கறீங்க. உங்க நாற்காலியிலயே போயி உக்காந்து, மாஸ்டர்தான் உடைச்சாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எஸ்.ஐ. சார் பக்கத்துல நின்னு வாங்கிக்கட்டும்."

"நான் இங்கயே வாங்கிக்கறேனுங்க" என்றார் எஸ்.ஐ. அவசரமாக.

சேர்மன் நிமிர்ந்தார். தன் அறை வாசல் வரைக்கும் நடந்தார். நடை கம்பீரமாகத்தான் இருந்தது.

"அக்கா, நெசமாவே போய் உக்காந்துட்டா?" என்று கிசுகிசுத்தான் முனீஸ்.

"போக விடமாட்டேன். அதுக்கு அவசியமும் வராது."

சேர்மன் வாசலில் நின்றார். உள்ளே நாற்காலி காத்திருந்தது. நாற்காலிக்கு மேலே பீம். ஒரு கால் உள்ளே வைக்கப் போனது, அப்படியே அந்தரத்தில் நின்றது, கடைசியில் வெளியிலேயே இறங்கியது. அவர் ஒரு தடவை மேலே பார்த்தார். இத்தனை மாதமும் அவர் எதிரில் மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அறை அது.

"எஸ்.ஐ. சார்" என்றார், திரும்பாமலே. "கேசு வேண்டாமுங்க. மாஸ்டரை விட்டுருங்க."

*

அடுத்த இரண்டு மணி நேரம் ராஜபாண்டியின் ஆட்கள் வெளிப்படி வழியாக ஏறி, ரோல்களை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். சத்யப்பிரியா சொன்ன இடங்களில், ஹாலுக்கு வெளியே இருந்தே தொடங்கி, இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். மற்ற எல்லோரும் வண்டி நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ், இந்தி, ஒடியா என்று மூன்று மொழிகளில் ஒரே கதை பரவிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆடிட்டரின் கார் வந்தது. இறங்கியவர் பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர். ஒரு கம்பெனி முழுதும் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

சேர்மன் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிப் பிளாஸ்திரியை மறைத்தார். "எமர்ஜென்சி டிரில்லுங்க சார். மாசாமாசம் பண்றது. ஆளுக உசுருதானுங்க எங்களுக்கு முக்கியம்." பக்கத்தில் வியர்வையோடு வந்த ராஜபாண்டியின் தோளில் கை போட்டார். "இவருதான் எங்க சேஃப்டி ஆபீசர்."

"அரெஸ்டுல இருந்து ஆபீசரு" என்றான் முனீஸ் சத்யப்பிரியாவின் காதருகே. "இந்தக் கம்பெனியில புரமோஷன் ரொம்ப ஸ்பீடுக்கா."

"எக்ஸலண்ட்" என்றார் ஆடிட்டர். உண்மையாகவே மகிழ்ந்து ராஜபாண்டியின் கையைக் குலுக்கினார். "உள்ளே போய்ப் பார்க்கலாமா?"

சேர்மனின் கை ராஜபாண்டியின் தோளை அழுத்தியது. தலைமுறைக்கும் வேலை உண்டு என்று சொல்கிற அழுத்தம். கொட்டகையில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ராஜபாண்டியையே பார்த்தார்கள்.

ராஜபாண்டி சேர்மனின் கையை மரியாதையோடு எடுத்துக் கீழே விட்டார்.

"வாங்க சார், காட்டுறேன். ஆனா வாசலத் தாண்டி வராதீங்க" என்றார். "இது டிரில்லு இல்ல. உள்ள ஒரு தூணக் காணோம்."